வரியும் வழியும்: மலையகப் பேருந்துக்கு நிதி கோரும் குடிமக்கள் குரல்

பொதுப் போக்குவரத்துக்கான நிதி பற்றிய ஆய்வு அடிப்படையில் ஒரே வினாவைச் சுற்றியே அமைகிறது: பயணி நடத்துநரிடம் கொடுக்கும் கட்டணத்துக்கும், ஒரு பேருந்தை நாள் தவறாமல் ஓட்டுவதற்கு ஆகும் உண்மைச் செலவுக்கும் இடையே விழும் பள்ளத்தை எவர், எந்தக் கணக்கிலிருந்து, என்ன நிபந்தனையின் பேரில் நிரப்புகிறார் என்பதே அது. சமதரையில், ஏறுவோரும் இறங்குவோரும் நெருக்கமாக உள்ள நகர வழியில், அந்தப் பள்ளம் ஆழமற்றது. சில வழிகளில் இல்லவே இல்லை. இலங்கை மலைநாட்டின் இறம்பொடையைப் போன்ற பகுதியிலோ கொண்டை ஊசி வளைவுகளில் டீசல் கூடுதலாக எரிகிறது, பிரேக்கும் டயரும் விரைவில் தேய்கின்றன, தோட்டத்துக்குத் தோட்டம் மக்கள் சிதறி வாழ்வதால் ஏறும் பயணிகள் குறைவு. ஆனால் கட்டணம் மட்டும் நாடெங்கும் ஒரே அளவுகோலில் அறவிடப்படுகிறது. ஆகவே மலைநாட்டில் ஒரு பேருந்து ஓடுகிறதா இல்லையா என்பது பயணியின் சட்டைப்பையில் முடிவாவதில்லை, அரசின் கணக்கேட்டில் முடிவாகிறது. அந்தக் கணக்கேட்டைக் குடிமக்கள் எப்படி அணுகினார்கள், எப்படி அணுகியபோது பயன் கிட்டியது என்பதே இவ்வுரையின் பொருள்.

மலைநாட்டுப் போக்குவரத்து வரலாற்றில் நிதி கோரிய முதல் அமைப்பு ஏழைகளுடையதன்று. 1854 இல் கண்டியில் தோன்றிய பெருந்தோட்ட உரிமையாளர் சங்கம், கோப்பியை மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறக்குவதால் ஏற்படும் காலதாமதத்தையும் கூலியையும் காட்டி, இருப்புப்பாதை வேண்டுமென்று குடியேற்ற அரசை இடைவிடாமல் நெருக்கியது. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1858 இல், வேலை தொடங்கியது. தனியார் கம்பனியின் முயற்சி சரிந்தபின் அரசே பொறுப்பேற்றது. 1867 இல் கண்டியையும் 1874 இல் நாவலப்பிட்டியையும் 1885 இல் நானுஓயாவையும் இரயில் எட்டியது. இந்த வெற்றிக்குத் தோட்டத்துரைமார் அதிகாரத்துக்கு நெருக்கமாக இருந்தது ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்களுடைய கோரிக்கையின் அமைப்பே ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இன்னொரு காரணம். அவர்கள் பாதை வேண்டும் என்று மட்டும் கேட்டு நிற்கவில்லை. அதற்குரிய பணம் கோப்பி ஏற்றுமதி மீதான தீர்வையிலிருந்து வரட்டும் என்பதற்கும் இணங்கினார்கள். இந்நாட்டில் ஒரு விளைபொருளின் மீது விதித்த தீர்வை ஒரு போக்குவரத்து வழியைக் கட்டிய முதல் பெரும் எடுத்துக்காட்டு அது.

அத்தீர்வையின் சுமை கடைசியில் எவர் தோளில் இறங்கியது என்பது வேறு வினா. கோப்பியைப் பறித்தவர்களும் மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டவர்களுள் பலரும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள்; கோப்பி இரயிலில் இறங்கத் தொடங்கி நெடுங்காலம் சென்ற பின்பும் அவர்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியாகக் கால்நடையாகவே மாத்தளை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். தலைமன்னாருக்கு இரயில் வந்தது 1914 இல்தான். விளைபொருளுக்கு வழி கேட்க ஒரு சங்கம் இருந்தது. ஆளுக்கு வழி கேட்க எவரும் இல்லை.

பேருந்துக் காலத்தில் நிலைமை மாறியிருக்க வேண்டும். 1958 ஜனவரி 1 ஆம் திகதி, எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அரசு தனியார் பஸ் கம்பனிகளைப் பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை (இ.போ.ச.) அமைத்தபோது, அதனுள்ளே ஒரு நிதிப் பொறிமுறையும் அமைந்துவிட்டது. கொழும்பிலும் பெருநகரங்களுக்கிடையிலும் கிடைத்த ஆதாயம் நாட்டுப்புற வழிகளின் நட்டத்தைத் தாங்கியது. இதைப் பொருளியலார் குறுக்கு மானியம் என்பர், அதாவது ஒரே நிறுவனத்தின் இலாப வழி நட்ட வழிக்குச் சோறு போடும் ஏற்பாடு. ஆனால் சபை பிறந்த அந்நாளில் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் வாக்காளர் அல்லர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தன. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்களைத் தெரிந்தனுப்பிய அதே மலைநாட்டிலிருந்து 1952 தேர்தலில் அக்கட்சியைச் சேர்ந்த ஒருவரும் நாடாளுமன்றம் செல்லவில்லை. புதிய வழிகள் தொகுதி உறுப்பினரின் சொல்லுக்கேற்பத் திறக்கப்படும் நாட்டில், தொகுதியில் பெயரில்லாதவர் குடியிருக்கும் லயத்துக்குப் பேருந்து ஏறிவராததில் வியப்பில்லை. பிரஜாவுரிமைச் சிக்கல் முற்றாகத் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாக்குரிமை படிப்படியாகத் திரும்பிய காலத்திலோ குறுக்கு மானியம் கரையத் தொடங்கியிருந்தது. 1978 இல் சபை பிராந்திய வாரியாகப் பிரிக்கப்பட்டது. 1979 முதல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, கூட்டமுள்ள வழிகளையும் கூட்டமுள்ள நேரங்களையும் எடுத்துக்கொண்டன. 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் சிதறிய பிராந்திய நிறுவனங்களை மறுபடி ஒரே சபையாக்கியதாயினும், கைவிட்டுப்போன ஆதாய வழிகள் திரும்பி வரவில்லை. இன்று நட்ட வழியைத் தாங்குவது திறைசேரி தரும் பணமே. அது இரண்டு வாய்க்கால்களில் வருகிறது: வருமானம் போதாத வழிகளை ஓட்டுவதற்கும் மாணவர் பருவச்சீட்டுச் சலுகைக்குமாக இ.போ.ச.வுக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும் தொகை ஒன்று. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு நடத்தும் சிசு செரிய, கெமி செரிய, நிசி செரிய என்னும் திட்டங்கள் மற்றொன்று. சிசு செரிய பள்ளிப் பிள்ளைகளுக்கும், கெமி செரிய ஒதுக்குப்புறக் கிராமங்களுக்கும், நிசி செரிய அதிகாலை, இரவு வேளைகளுக்கும் உரியவை. மூன்றிலும் அரசு பணம் கொடுத்து ஒரு சேவையை வாங்குகிறது.

இந்தத் திட்டங்களின் பெயர்களை மலைநாட்டுப் பெற்றோர் அறிவார்கள். ஆனால் ஒரு வழி இத்திட்டத்தில் சேர எவர் விண்ணப்பிக்க வேண்டும், எந்த அலுவலர் அதை மதிப்பிடுகிறார் என்பதை அறிந்தவர் அரிது. அறியாமை மக்களுடைய குற்றமாகாது. அந்த விவரத்தை டிப்போவின் சுவரில் ஒட்டிவைக்க எந்த நிருவாகத்துக்கும் இதுவரை தோன்றாததே குற்றம்.

தோட்டத்தைப் பொறுத்தவரை இன்னொரு முடிச்சும் உண்டு. தோட்டப்பாதை கொழுந்து லொறி தொழிற்சாலையை அடைவதற்காக வெட்டப்பட்டது. அது தோட்டக் காணியின் ஒரு பகுதி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுக்கு வந்த அக்காணிகள், 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் 53 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. பிரதேச சபைக்கோ, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டத்துக்குள் தன் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களிப்பார்கள், சபை அவர்களுடைய பாதைக்கு ஒரு கூடை கல் போடக்கூடாது. இந்த விந்தையைக் களையுமாறு சிவில் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் மலையகப் பிரதிநிதிகளும் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தியதன் விளைவாகவே அப்பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளும் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகள் தோன்றின. மலையகத்தில் குடிமக்கள் முயற்சி சட்டத்தின் ஒரு வாசகத்தைச் சுட்டி அதை மாற்றச் செய்த அரிய நிகழ்வு இது. பேருந்து நிதிக்கான எந்த முயற்சியும் தொடங்க வேண்டிய இடமும் இதுவே. கல் பெயர்ந்த பாதையில் ஏற எந்த உரிமையாளரும் வழி அனுமதிப்பத்திரம் கேட்கமாட்டார்.

இறம்பொடைச் சந்தியின் காலைப் பொழுது இந்தக் கணக்குகளின் விளைவைக் கண்முன் நிறுத்தும். ஏ5 நெடுஞ்சாலை ஊரின் ஊடாகவே செல்வதால் பேருந்தே இல்லை என்று எவரும் கூற முடியாது. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாகக் கண்டிக்கும் கம்பளைக்கும் இறங்கும் வண்டிகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் அவை தொலைதூரப் பயணிகளுக்கானவை, சந்தியை எட்டும்போதே வாசற்படிவரை ஆள் நிற்கும். ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்கும் பிள்ளை, மேட்டு லயத்திலிருந்து பனியில் நனைந்த புல்லை மிதித்து இறங்கி வந்து, கையில் பருவச்சீட்டை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் போகும் வண்டிக்குக் கை காட்டும். பணம் கொடுத்து ஏறக்கூடிய பயணி இருக்கையில் சலுகைச் சீட்டுப் பிள்ளைக்காக வண்டியை நிறுத்த ஓட்டுநருக்கு என்ன தூண்டுதல் இருக்கிறது? நிதி ஏற்பாட்டிலுள்ள குறை இங்கே ஓட்டுநரின் குணக்குறையாகத் தோற்றம் தருகிறது. மருந்துக்குப் புசல்லாவைக்கோ நுவரெலியாவுக்கோ போகும் முதியவரும் சம்பள நாளில் கடைக்கு இறங்கும் பெண்ணும் திரும்பி ஏறுகையில் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் தொகை, பேருந்துக் கட்டணத்தைப் போலப் பல மடங்காகிறது. 2022 ஜூலையில் குறைந்தபட்சப் பேருந்துக் கட்டணம் 40 ரூபாவானபோது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகவே இருந்தது என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

2025 மே 11 ஆம் திகதி விடியற்காலையில், கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கிச் சென்ற இ.போ.ச. பேருந்து இறம்பொடை கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெசாக் விடுமுறைக் காலம். வண்டியில் கொள்ளளவுக்கு மேல் ஆட்கள் இருந்தனர். விபத்துக்குப் பின் எழுந்த பேச்சு பெரும்பாலும் ஓட்டுநர், பாதுகாப்பு வேலி, இருக்கைப் பட்டி என்பவற்றோடு நின்றது. அவையெல்லாம் தேவையே. ஆனால் விடுமுறைக் காலத்தில் மேலதிக வண்டி விடுவதற்கும், நெடுந்தூர வழிக்கு நல்ல நிலையிலுள்ள வண்டியையும் ஓய்வெடுத்த ஓட்டுநரையும் அனுப்புவதற்கும் டிப்போவுக்குப் பணம் வேண்டும். இதைச் சொன்னவர்கள் சிலரே.

வெளியுலகத்திலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் இங்கு பொருந்தும். தமிழ்நாட்டில் 2021 இல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அந்த வகைப் பேருந்துகள் ஓடாத மலைப்பகுதிகள் அதன் பயனைப் பெறவில்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை ஆகிய மலைப்பகுதிகளுக்கு அதை விரிவாக்கும் அறிவிப்பு 2024 வரவு செலவுத் திட்டத்தில்தான் வந்தது. நீலகிரியில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன என்பதால், இது இறம்பொடைக்கு அந்நியச் செய்தியன்று. அத்திட்டத்தின் நுட்பம் இலவசம் என்ற சொல்லில் இல்லை. நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டையும் கிழித்துக் கொடுக்கிறார், சீட்டுகள் எண்ணப்படுகின்றன, அரசு அதற்கீடான தொகையைப் போக்குவரத்துக் கழகத்துக்குச் செலுத்துகிறது. கைகாட்டும் பிள்ளை அங்கே வருமானமாக மாறுகிறது. இரண்டாவது எடுத்துக்காட்டு பாரிஸ் நகரினுடையது: பேருந்தாலும் இரயிலாலும் ஆட்கள் வேலைக்கு வந்து சேர்வதில் முதலாளிக்கும் ஆதாயம் உண்டு என்ற நியாயத்தின்பேரில், 1971 முதல் அங்குள்ள நிறுவனங்கள் சம்பளத்தொகையின் ஒரு விகிதத்தைப் போக்குவரத்துக்கென்றே செலுத்திவருகின்றன. பின்னர் அது பிரான்சின் பிற நகரங்களுக்கும் பரவியது.

தேயிலை ஏற்றுமதி மீது இன்றும் செஸ் வரி அறவிடப்படுகிறது. இறம்பொடை நீர்வீழ்ச்சியையும் நுவரெலியாவையும் நாடிவரும் சுற்றுலாப் பயணிகளால் விடுதிகள் வருமானம் பெறுகின்றன. இவற்றில் ஒரு சிறு பங்கைத் தோட்டப்பாதைக்கும் தோட்டப் பேருந்துக்கும் ஒதுக்குமாறு கேட்பது புதுமையான கோரிக்கை ஆகாது; கோப்பித் துரைமார் ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் காட்டிய வழியே அது. தேயிலைத் தொழில் நட்டத்தில் இருக்கிறது என்று கம்பனிகள் மறுப்புரைக்கும். அம்மறுப்பை முற்றாகத் தள்ளிவிட முடியாதாயினும், கொழுந்து பறிக்க ஆளில்லை, இளைஞர் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள் என்று முறையிடுவோரும் அதே கம்பனிகளே. வீட்டிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் போய்த் திரும்ப வண்டி கிடைத்தால் ஊரில் தங்குவோர் எண்ணிக்கை கூடும் என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

கோரிக்கையை எங்கே வைப்பது என்பதும் எளிதன்று. மாகாணத்துக்குள் ஓடும் பேருந்து மாகாண சபைக்குரிய விடயம். மத்திய மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தபின் தேர்தல் நடைபெறவில்லை, ஆளுநரே நிருவகிக்கிறார். ஆகவே எஞ்சியிருக்கும் வாயில்கள் பிரதேச சபை, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு, நாடாளுமன்றம் என்பனவே. மலையகத்தில் இவ்வாயில்களுக்குச் செல்லும் மனுக்கள் பெரும்பாலும் எங்கள் ஊருக்கு ஒரு பஸ் வேண்டும் என்ற ஒற்றை வரியாக அமைகின்றன. அமைச்சரும் ஒரு நாள் வந்து பச்சைக்கொடி காட்டி ஒரு பஸ்ஸை விடுவார். சில மாதங்களில் அது பழுதுபார்க்கப் போகும், பின்பு திரும்பாது. வண்டி கொடுக்கப்பட்டது, அதை ஓட்டும் பணம் கொடுக்கப்படவில்லை என்பதே இதன் காரணம். ஒரு வழியின் நீளம், நாளொன்றுக்கு வேண்டிய தடவைகள், ஏறக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கை, அதற்கான ஆண்டுச் செலவு, அது வரவேண்டிய கணக்குத் தலைப்பு ஆகிய ஐந்தையும் குறிப்பிடும் மனுவை எந்த அலுவலரும் அவ்வளவு எளிதாகக் கோப்புக்குள் புதைக்க முடியாது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவ்விவரங்களை எழுத்தில் கேட்கும் உரிமையை ஒவ்வொரு பிரஜைக்கும் தந்திருக்கிறது. காரணம் கூற வேண்டியதில்லை, தமிழிலேயே கேட்கலாம். இறம்பொடையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் கோயில் பரிபாலன சபைகளும் தொழிற்சங்கக் கிளைகளும் இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத் தயாரிப்பு முடிவதற்குள் ஒன்றுகூடி, கொத்மலைப் பிரதேச சபையிடம் தோட்டப்பாதைப் பட்டியலையும், தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் இப்பகுதியில் இன்று நிதி பெறும் சிசு செரிய, கெமி செரிய வழிகளின் பட்டியலையும் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும்.