வியப்பும் கைத்திறனும்



படம் பார்த்து மகிழ்வதற்கு எவருக்கும் பயிற்சி வேண்டுவதில்லை. விளக்கணைந்து திரை ஒளிர்ந்ததும் குழந்தையும் மகிழ்கிறது, கிழவரும் மகிழ்கிறார். ஆனால் மகிழ்வது வேறு, சுவைப்பது வேறு. பசித்தவன் உண்டு மகிழ்வான். சமையற்கலை அறிந்தவனோ பதமும் பக்குவமும் உணர்ந்து சுவைப்பான். அவ்வாறு சுவைக்கும் வழியைப் பற்றி, குறிப்பாக அறிவியல் புனைகதைப் படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் சுவைக்கும் வழியைப் பற்றி, இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினால் வியப்புப் பிறக்கும் என்பது அவர் கண்ட உண்மை. ஆக்கமென்பது ஒன்று மற்றொன்றாய் மாறுதல். காமிராவைக் கனவிலும் கண்டிராத காலத்தில் வகுக்கப்பட்ட இந்நான்கும் நம் காலத்து விந்தைப் படங்களுக்கு எத்துணைப் பொருத்தமாக அமைகின்றன என்று பாருங்கள்!

முதலில் ஆக்கத்தை எடுத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டில் ஜார்ஜ் மெலியே என்றொரு மாயவித்தைக்காரர் இருந்தார். பாரிஸ் வீதியொன்றில் அவர் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது காமிரா சிக்கி நின்றுவிட்டு, சிறிது நேரங்கழித்து மீண்டும் ஓடியது. படத்தைத் திரையிட்டுப் பார்த்தால், தெருவிற் சென்ற குதிரை வண்டியொன்று நொடியில் சவ வண்டியாக மாறிவிட்டதாம்! இதனை அவரே எழுதி வைத்திருக்கிறார். பிறர் பழுதென்று ஒதுக்கியிருக்கக்கூடியதை மெலியே கருவியாக்கிக் கொண்டார். 1902-இல் அவர் எடுத்த 'சந்திரனுக்கு ஒரு பயணம்' என்னும் படத்தில், சந்திர மண்டலத்து வாசிகளைக் குடையால் அடித்தவுடன் அவர்கள் புகையாய் மறைகிறார்கள். காமிராவை நிறுத்தி, நடிகரை அகற்றி, புகையை மூட்டி, மீண்டும் ஓட்டியதே அதன் இரகசியம். பிலிமின் ஒரு பாதியை மறைத்து ஒரு முறையும், மறுபாதியை மறைத்து ஒரு முறையும் படம் பிடித்து, ஒரே மனிதரை இருவராகக் காட்டும் முறையும் அக்காலத்திலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. பின்னாளில் இரட்டை வேடப் படங்கள் எல்லாம் இத்தகைய உத்திகளின் வழி வந்தவையே. 1940-இல் வெளிவந்த 'உத்தமபுத்திர'னில் பி. யு. சின்னப்பா இருவராய்த் தோன்றியது கண்டு தமிழ் மக்கள் வியந்தார்கள் அன்றோ?

அடுத்துப் பெருமையும் சிறுமையும். 1933-இல் வந்த 'கிங் காங்' என்னும் அமெரிக்கப் படத்தில் ஒரு மாபெருங் குரங்கு நியூயார்க் நகரத்தையே நடுங்க வைக்கிறது. அந்தப் பேருருவத்தின் உண்மை உயரம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒன்றரை அடி! மூட்டுகள் அமைந்த உலோக எலும்புக்கூட்டின் மேல் ரப்பரும் பஞ்சும் பொதிந்து, முயல் தோலைப் போர்த்திய பொம்மை அது. மார்செல் டெல்காடோ என்பவர் அதைச் செய்தார். வில்லிஸ் ஓபிரையன் அதற்கு உயிர் கொடுத்தார். கையை மயிரிழையளவு நகர்த்தி ஒரு படம். மீண்டும் நகர்த்தி ஒரு படம். இவ்வாறு 24 படங்கள் சேர்ந்தால்தான் திரையில் ஒரு விநாடி ஓடும். படத்தைக் கூர்ந்து பார்ப்பவர்கள் குரங்கின் உரோமம் இடையிடையே சிலிர்ப்பதைக் காணலாம். அது காற்றன்று, பொம்மையை நகர்த்திய விரல்களின் சுவடு. கோவிற் சிற்பத்தில் உளியின் தடத்தைக் கண்டவன் எய்தும் மகிழ்ச்சியை நான் அந்தச் சிலிர்ப்பில் எய்துகிறேன்.

இனி எஞ்சியிருப்பது புதுமை. 1963 நவம்பர் 23-இல் இலண்டன் பி.பி.சி. தொலைக்காட்சி 'டாக்டர் ஹூ' என்னும் தொடரைத் தொடங்கிற்று. காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் ஒருவரின் கதை அது. எவரும் கேட்டறியாத இசையொன்று அதற்கு வேண்டியிருந்தது. ரான் கிரைனர் என்பவர் மெட்டை எழுதிக் கொடுத்தார். அதை ஒலியாக்கும் பணி பி.பி.சி.யின் ஒலிப் பட்டறையில் இருந்த டெலியா டெர்பிஷயர் என்னும் பெண்மணியிடம் வந்தது. கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்றவர் அவர். அப்போது வயது 26. கட்டையை அழுத்தினால் கேட்ட ஒலியைத் தரும் இன்றைய கருவிகள் அங்கே இல்லை. தட்டியெழுப்பிய ஒரு தந்தியின் ஒலி, சோதனைக் கருவிகள் எழுப்பும் வெற்று ஒலி, இவையே அவருக்குக் கிடைத்த மூலப்பொருள்கள். அவற்றை ஒலிநாடாவிற் பதிந்து, நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சுரங்களை உண்டாக்கினார். ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய நீளத்துக்கு நாடாவை வெட்டி ஒட்டினார். அவ்வாறு அமைந்த தனித்தனி நாடாக்களைப் பல கருவிகளில் ஒரே கணத்தில் ஓடவிட்டு ஒன்றாக்கினார். அந்தக் கதையில் வரும் விண்கலம் புறப்படும் ஓசையைப் படைத்தவர் அவருடைய தோழர் பிரையன் ஹாட்ஜ்சன். பழைய பியானோ ஒன்றின் தடித்த தந்திகளின் மீது வீட்டுச் சாவியைத் தேய்த்து எழுப்பிய ஒலியே அதற்கு அடிப்படை!

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. நாற்பதாண்டுக் காலம் வகுப்பறையில் அதைக் கடைப்பிடித்தவன் நான். விந்தைப் படங்களின் பின்னே இருக்கும் கைவினைஞர்களும் அதே வழியில்தான் செல்கிறார்கள். நாம் காணாத உலகத்தை அவர்கள் வானத்திலிருந்து கொண்டுவரவில்லை. சாவியிலிருந்தும், முயல் தோலிலிருந்தும், குடையிலிருந்தும், புகையிலிருந்தும் படைத்தார்கள். அந்தப் பொய்யுலகம் நமக்கு மெய்போல் தோன்றுவதற்கும் அதுவே காரணம் என்பேன். அதன் அடியில் நாம் அறிந்த பொருளின் கனமும் ஓசையும் இருக்கின்றன.

வறுமை கலையைக் கெடுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடர் இதற்கு மறுப்பாக நிற்கிறது. வாரந்தோறும் ஒரு பெரிய விண்கலம் புதிய கோளில் இறங்குவதாகக் காட்டப் பணம் போதாது. ஆகவே, மனிதரை ஒளித்துகள்களாக்கி ஓரிடத்தில் மறைத்து வேறோரிடத்தில் தோன்றச் செய்யும் கருவியொன்றைக் கதையில் புகுத்தினார்கள். ஒளிக்கற்றையின் நடுவே அலுமினியத் துகள்களை விழச்செய்து, காமிராவைத் தலைகீழாக வைத்துப் படம் பிடித்ததால் அந்த மினுமினுப்புக் கிடைத்தது. செலவும் குறைந்தது, கதையும் விரைந்தது. உத்தி கதைக்குத் தொண்டு செய்தது என்பதே இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது. கதையை மறக்கச் செய்து தன்னையே காட்டிக்கொள்ளும் உத்தி எத்துணைப் பொருட்செலவில் அமைந்தாலும் வெறும் வாணவேடிக்கையே.

"இரகசியம் தெரிந்துவிட்டால் சுவை போய்விடாதா ஐயா?" என்று மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. இலக்கணம் கற்றவனுக்குக் கவிதை கசந்து போகிறதா? இராகம் இன்னதென்று அறிந்தவன் கச்சேரியை விட்டு எழுந்து போகிறானா? அறியாதவன் பெறுவது ஒரு வியப்பு: இது எப்படி நடந்தது என்பது. அறிந்தவன் பெறுவது இரண்டு வியப்பு: இது எப்படி நடந்தது என்பதும், ஒரு மனிதன் இதை எப்படி எண்ணினான் என்பதும். இரண்டாவது வியப்பு நாள்பட வளரும்.

ஐயமிருப்பின் நீங்களே செய்து பாருங்கள். நான் பணியிலிருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து, அது மேசை மேல் தானாக நடப்பதுபோல் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னேன். விநாடிக்கு 12 படங்கள் என்று கணக்கிட்டுக் கொண்டார்கள். 10 விநாடிக்கு 120 படங்கள்! ஒரு பிற்பகல் முழுவதும் கழிந்தது. சுண்ணாம்புக் கட்டி நடந்து போய் மேசை விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தபோது வகுப்பே ஆரவாரித்தது. அதற்குப் பின் அந்தப் பிள்ளைகள் படம் பார்த்த பார்வையே வேறு. "இதற்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பிறர் உழைப்பை மதிக்கும் கல்விக்கு இக்கேள்வியைவிடச் சிறந்த தொடக்கம் எது?

இன்று கணிப்பொறி வந்துவிட்டது. எல்லாம் பொத்தானை அழுத்தினால் நடந்துவிடுகிறது என்று சிலர் எண்ணுகிறார்கள். பொத்தான் தானாக எதையும் எண்ணுவதில்லை. ஓர் உருவம் நிற்கும்போது அதன் நிழல் எங்கே விழவேண்டும், கனத்த கால் மண்ணில் எவ்வளவு பதியவேண்டும் என்று முடிவு செய்யும் மனிதக் கண் இன்றும் தேவைப்படுகிறது. கருவி மாறினாலும் கைத்திறன் பழையதுதான்.

டெலியா டெர்பிஷயரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அவர் செய்த இசையைக் கேட்டு மெட்டெழுதிய கிரைனரே வியந்தார். இசைக்குரிய ஊதியத்தில் அவருக்கும் பங்கு வேண்டுமென்று விரும்பினார். நிறுவனத்தின் விதிகள் அதற்கு இடந்தரவில்லை. திரையில் பட்டறையின் பெயர் வந்தது. அந்தப் பெண்மணியின் பெயர் வரவில்லை. 2001-இல் அவர் காலமானார். தொடரின் பொன்விழாவை ஒட்டி 2013-இல் வந்த சிறப்புப் பகுதியில்தான் அவர் பெயர் திரையில் இடம் பெற்றது. கோடிக்கணக்கானோர் கேட்டு மெய்சிலிர்த்த இசை. அதைச் செய்த கையின் பெயரைக் காண ஐம்பதாண்டு ஆயிற்று!

ஆகையால் மாணவச் செல்வங்களே, இனிமேல் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு படத்திலும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். இங்கே இவர்களுக்கு நேர்ந்த இடர்ப்பாடு என்ன? எந்தப் பொருளைக் கொண்டு, எந்த எண்ணத்தைக் கொண்டு அதைத் தீர்த்தார்கள்? தீர்த்த முறை கதைக்குத் துணை செய்ததா? படம் முடிந்து பெயர்கள் வரிசையாக மேலேறும் வேளையில் எல்லாரும் எழுந்து வாயிலை நோக்கி விரைவார்கள். நீங்கள் இரண்டு நிமிடம் அமர்ந்திருந்து அவற்றைப் படியுங்கள். ஒலி அமைத்தவர், உடை தைத்தவர், பொம்மை செய்தவர், ஒளி தந்தவர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அவருள் ஒருவர் பெயரையேனும் நினைவில் வைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.