பாக்கி வசூலுக்கு யாரை அனுப்புகிறோம்?

(அறக்கட்டளையின் வியாபாரிகள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

சில மாதங்களாக ஒரே கேள்வியோடு பலர் நம் அலுவலகத்துக்கு வருகிறார்கள். வெளியூர்க் கடைக்குக் கடனுக்குச் சேலை கொடுத்தோம், பணம் வரவில்லை, வசூல் ஏஜென்சி என்று ஒருவர் வந்து பேசுகிறார், ஒப்படைக்கலாமா என்கிறார்கள். கர்நாடகப் பட்டுக்கும் சூரத் ஜரிகைக்கும் நாம் உடனே பணம் கட்டியாக வேண்டும். கடன் நிற்பது விற்ற இடத்தில்தான். அங்கே பணம் நின்றால் இங்கே தறிக்காரர் கூலி நிற்கும். எனவே பாக்கியை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை.

ஒரு சகோதரருக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவர் ஒருவரிடம் வசூலை ஒப்படைத்தார். வந்தவர்கள் கடைக்குப் போகவில்லை; கடைக்காரர் வீட்டுக்கு இரவில் போய், வயதான தாயார் முன்னால் சத்தம் போட்டார்கள். அந்தத் தாயார் மறுநாள் நம் சகோதரருக்குப் போன் செய்து, "நீயா தம்பி அனுப்பினாய்?" என்று கேட்டார். அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. நாம் அனுப்பிய ஆள் அந்த வாசலில் பேசுவது நம் வாயால் பேசுவதுதான். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. குண்டர்களை வைத்து வங்கிகள் கடன் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கண்டித்தது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2025இல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. அது பணக்கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கானது. ஆனால் மிரட்டல் யார் செய்தாலும் குற்றமே.

மார்க்கம் இரு பக்கமும் பேசுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. கஅப் இப்னு மாலிக் (ரலி) பள்ளிவாசலில் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பாக்கி கேட்டுக் குரல் உயர்ந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அறைத் திரையை விலக்கிப் பார்த்து, பாதியை விட்டுக்கொடுக்கும்படி கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் ஒப்புக்கொண்டதும் மற்றவரிடம், எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். இந்த இரண்டாவது பாதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஆகவே முதலில், பாக்கிக்காரர் இல்லாதவரா, இருந்தும் இழுப்பவரா என்று விசாரியுங்கள். இல்லாதவரிடம் எந்த ஏஜென்சியும் எதையும் எடுக்க முடியாது; தவணை பேசுங்கள். இழுப்பவர் என்றால்தான் அடுத்த பேச்சு.

ஏஜென்சிக்காரரிடம் பதிவுச் சான்று, ஜிஎஸ்டி எண், அலுவலக முகவரி கேளுங்கள். முகவரிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வங்கிகளுக்கு வசூல் செய்பவர்கள் இந்திய வங்கியியல் மற்றும் நிதிக் கழகத்தின் தேர்வு எழுத வேண்டும். அந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர்தான் வருவாரா என்று கேட்பதில் தவறில்லை. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வங்கியின் வசூல் ஆட்கள் கடன்காரரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொன்னது. நம் ஒப்பந்தத்திலும் அதை எழுதுங்கள். வீட்டுக்குப் போகக் கூடாது, உறவினருக்குப் போன் போடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் நேரே நம் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். அவர் கையில் ரொக்கம் போகக் கூடாது. கையெழுத்துப் போடத் தயங்குகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முன்பணம் கேட்கிறவரையும் அப்படியே.

"பாக்கியையே நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், ஒரு லட்சத்துக்கு அறுபதாயிரம் இன்றே தருகிறோம்" என்றும் சிலர் வருகிறார்கள். கடனைக் குறைந்த தொகைக்கு மூன்றாம் ஆளுக்கு விற்பதைப் பெரும்பாலான உலமாக்கள் வட்டி என்றே தடுக்கிறார்கள். சதவீதக் கமிஷன் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. நம் இமாமிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

உண்மையில் பல பாக்கிகளுக்கு ஏஜென்சியே தேவையில்லை. செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். இந்த நாள்களைத் தவறவிட்டு அழுதவர்கள் நம்மிடம் உண்டு. சாதாரண பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவரிடம் எழுதி வாங்கினால் கெடு புதிதாகத் தொடங்கும்.

தறி போட்டுத் தயாரிப்பவர்கள் உத்யம் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. இழுத்தால் சென்னையில் உள்ள வசதியாக்கக் குழுவில் முறையிடலாம். வாங்கி விற்பவர்களுக்கு உத்யம் இருந்தாலும் இந்த உரிமை கிடையாது, கவனம். அந்தச் சட்டம் தாமதத்துக்குக் கூட்டு வட்டியும் தருகிறது. நமக்கு அசல் போதும். வட்டியை என்ன செய்வது என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். லோக் அதாலத்தில் சமரசம் பேசினால் நீதிமன்றக் கட்டணம் இல்லை, தீர்வுக்கு மேல்முறையீடும் இல்லை.

பில், செக், வாட்ஸ்அப் பேச்சு எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை இஷாவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். பாக்கி தர வேண்டியவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருந்தால், அவரையும் அழைத்து வாருங்கள். இருவரையும் உட்கார வைத்தே பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.