மதகும் டிரான்சிஸ்டரும்

1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைத் தஞ்சை உழவர் 'வானொலி நெல்' என்றழைத்தனர். திருச்சி வானொலி அதனைப் பரப்பியதே காரணம். அத்தகைய செய்தியை வயல் வரப்புக்கே கொண்டுவந்த சிறு பெட்டியின் உயிர்நாடி டிரான்சிஸ்டர்.

அதனை வாய்க்கால் மதகாகக் கருதுங்கள். மூடிக்கிடக்கும் மதகை மேலும் மூடவியலாது. முழுதும் திறந்ததை மேலும் திறக்கவியலாது. பாதி திறந்திருந்தாலன்றோ நீரைக் கூட்டவும் குறைக்கவும் இயலும்? ஒலியலைக்கும் ஏற்றம், இறக்கம் இரண்டும் உண்டு. ஆதலால் சிலிக்கான் டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே சுமார் 0.7 வோல்ட் முன்னரே அமைக்கிறோம். இதுவே சார்பு.

வெப்பத்தால் மின்னோட்டம் பெருகினால், உமிழ்ப்பான் வழியிலுள்ள மின்தடையில் மின்னழுத்தம் உயரும், அந்த 0.7 வோல்ட் சற்றே குறையும். மின்னோட்டம் தானே அடங்கும். அத்தடை இல்லையேல் கோடையில் குரல் சிதையக்கூடும். மின்கலம் கழற்றிய பழைய பெட்டியொன்றில் அதனைத் தேடிப் பாருங்கள்.