கியர் பாக்ஸை மாற்றினால் பின் அச்சை என்ன செய்வது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில் அனுபவம்" என்று பெரிய தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் அது ஆகாது. அதனால் ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மேக்கரைப் பக்கம் மலையடியில் தோப்பு வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி என் பட்டறைக்கு வந்தார். பழைய மகிந்திரா ஜீப். பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு 2112 சி.சி. பெஜோ டீசல் இஞ்சின் எப்போதோ ஏற்றியிருந்தார்கள். கியர் பாக்ஸ் மட்டும் பழைய மூணு கியர். "தம்பி, அஞ்சு கியர் பாக்ஸ் ஒண்ணு கையில இருக்கு, அதை வச்சுரு. பின்னாடி 3.73 கிரௌன் பினியன் போட்டுரு. மைலேஜ் சும்மா அள்ளும்னு சொல்லுதாங்க" என்றார்.

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. டீக்கடையில் எல்லாரும் இஞ்சினியர்தான்.

முதலில் இந்த எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். பழைய ஜீப் அச்சில் பினியனுக்கு 8 பல், கிரௌனுக்கு 43 பல். 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.375, பேச்சில் 5.38. அதாவது ஜாயிண்ட் 5.38 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். எண் பெரிசானால் இழுவை கூடும், வேகம் குறையும். 39-க்கு 8 என்றால் 4.88. 47-க்கு 11 என்றால் 4.27. 41-க்கு 11 என்றால் 3.73. இந்த ஜோடிகள் எதிலும் பொது வகுத்தி கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஒரு பல் மறுபக்கத்துப் பல் ஒவ்வொன்றையும் மாறி மாறிச் சந்தித்துத் தேய்மானம் சமமாக வரவேண்டும் என்பதற்காகவே அப்படி.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு 4.88-தான். போர் முடிந்து 1945-இல் விவசாயிக்கென்று ஜீப் செய்தபோது, ஏர் இழுக்கவும் பாரம் இழுக்கவும் வேண்டும் என்று 5.38-க்குப் போனார்கள். அந்த வழியில்தான் நம்மூர் ஜீப்புக்கும் அது வந்தது. நெடுஞ்சாலை ஓட்டம் அப்போது யார் மனதிலும் இல்லை.

இனி கணக்கு. தம்பிகள் பேப்பரில் எழுதிக்கொள்ளலாம். டயரின் விட்டத்தைப் புத்தகத்தில் தேடாதீர்கள். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு. பாரத்தோடு ஒரு சுற்று உருட்டி டேப் பிடியுங்கள். அண்ணாச்சி வண்டிக்கு 2.2 மீட்டர் வந்தது. மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். 2.2-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 454 சுற்று. அதை அச்சு விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கினால் இஞ்சின் சுற்று கிடைத்துவிடும். இவ்வளவுதான், இதற்கு கம்ப்யூட்டர் வேண்டாம்.

பழைய பாக்ஸில் டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று. 5.38 அச்சோடு 60-இல் போனால் இஞ்சின் 2440 சுற்று சுற்றும். காது வலிக்கத்தான் செய்யும். அண்ணாச்சி கையிலிருந்த பாக்ஸை மேசையில் வைத்து கையால் சுற்றி எண்ணினேன். ஐந்தாவது கியர் 0.82, முதல் கியர் 3.8. அப்படியானால் அச்சைத் தொடாமலே, 60-இல் 2000 சுற்றுக்கு இறங்கிவிடுகிறது. அவர் கேட்ட மைலேஜில் பெரும்பங்கை அந்தப் பாக்ஸே கொடுத்துவிட்டது. அதற்கு மேல் 3.73-உம் போட்டால் 60-இல் 1390 சுற்று. இந்த இஞ்சினுக்கு முழு இழுவை சுமார் 2000 சுற்றில்தான். 1390-இல் ஆக்சிலரேட்டரை மிதித்தால் புகை வரும், வண்டி வராது.

இங்கே நம்ம ஊர்க் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சும்மாவா இத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள்? ஆலங்குளத்திலிருந்து பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்குப் போகிற வண்டிக்கு அது நேர் எதிர்க்காற்று. ஜீப்போ செவ்வகப் பெட்டி. காற்று குறைவான ஊரில் சரியாக ஓடுகிற விகிதம் இங்கே ஐந்தாவது கியரைப் பிடிக்க விடாது. நாலுக்கும் அஞ்சுக்கும் மாற்றிக்கொண்டே போனால் மிச்சமாகிற டீசல் எங்கே?

அதைவிடப் பெரிய விஷயம் இறக்கம். பழைய வண்டியில் முதல் கியர் 2.8, அச்சு 5.38, பெருக்கினால் 15. புது பாக்ஸோடு 3.73 என்றால் 14.2. இருந்ததையும் குறைத்துவிடுகிறோம். தேங்காய் ஏற்றிக்கொண்டு மலைச் சரிவில் இறங்கும்போது இஞ்சின் பிடிக்கிற பிடியும் அதே கணக்கில்தான் குறையும். அந்த வேலை டிரம் பிரேக்குக்குப் போகும். டிரம் சூடேறினால் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. அந்த வண்டியை ஓட்டுவது அண்ணாச்சியின் மகன். அவனும் நம் கல்லூரியில் படித்தவன்தான்.

5.38-ஐ அப்படியே விட்டால் முதல் கியர் 20-க்கு மேல் போகிறது. தோப்புக்குள் நல்லது, ரோட்டில் எடுத்த உடனே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும். 4.27 போட்டால் முதல் கியர் 16.2, அது சரி. ஆனால் ஐந்தாவதில் 60-க்கு 1590 சுற்று, காற்றுக் காலத்தில் தாங்காது. 4.88 போட்டால் முதல் கியர் 18.5, ஐந்தாவதில் 60-க்கு 1820, 70-க்கு 2120. இஞ்சின் இழுக்கிற இடத்திலேயே வண்டி ஓடுகிறது. "4.88 போடுவோம் அண்ணாச்சி" என்றேன். ரொம்ப நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். கணக்குத் தாளை மகன் வாங்கிப் பார்த்த பிறகு சரி என்றார்.

அடுத்து முன் அச்சு. நான்கு சக்கர இழுவை வண்டியில் பின் அச்சை மட்டும் மாற்றக் கூடாது. இரண்டும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். ஒன்று 5.38, இன்னொன்று 4.88 என்றால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். காய்ந்த தரையில் முன் கியர் போட்டால் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொண்டு பல் உடையும். வேறொரு பட்டறையில் பின்பக்கம் மட்டும் மாற்றி அனுப்பிய வண்டி ஒன்று அப்படித்தான் என்னிடம் கயிறு கட்டி வந்தது. செலவு இரட்டிப்பாகிறதே என்று அண்ணாச்சி கேட்டார். ஆமாம், இரட்டிப்புதான். முடியாதவர்கள் 5.38-ஐத் தொடாமல் பாக்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கெட்டுப்போகாது.

கிரௌனும் பினியனும் சேர்த்துத் தேய்த்து எடுத்த ஜோடி. ஒரே எண் பொறித்திருக்கும். பழைய இரும்புக் கடையில் ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் பொறுக்கக் கூடாது. பூட்டும்போது ஷிம் வைத்து, நீலம் தடவி, பல்லின் நடுவில் தடம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பேக்லாஷ் சுமார் 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர். அவசரப்பட்டால் ஊளைச் சத்தம் ஆயுசுக்கும் கேட்கும். புது பாக்ஸ் நீளம் கூடினால் ஜாயிண்டை வெட்டி பேலன்ஸ் செய்ய வேண்டும்.

ஸ்பீடோமீட்டரையும் மறக்காதீர்கள். இந்த ஜீப்பில் அதன் கேபிள் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வருகிறது. 4.88 போட்ட பிறகு உண்மையில் 60-இல் போனால் மீட்டர் 54 காட்டும். அதன் சின்னக் கியரையும் மாற்ற வேண்டும், இல்லையேல் டிரைவர் தன்னை அறியாமலே வேகமாகப் போவார்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும், 2019-இல் உச்ச நீதிமன்றம் வண்டி மாற்றங்கள் பற்றிச் சொன்ன தீர்ப்பையும் படித்துக்கொள்ளுங்கள். இஞ்சினோ மற்றதோ மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். இன்சூரன்ஸ்காரர் பின்னால் கேட்பார்.

அண்ணாச்சி வண்டி இப்போது இரண்டு ஆடியைப் பார்த்துவிட்டது. எதிர்க்காற்றிலும் ஐந்தாவதிலேயே போகிறது. 3.73 போட்டிருந்தால் இன்னும் மிச்சமாகியிருக்கும் என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். அதை நான் மறுத்துப் பேசுவதில்லை.

அதிலிருந்து கழற்றிய 43-க்கு 8 ஜோடி பட்டறையில் இருக்கிறது. பல் எண்ணிப் பார்க்க, நீலம் தடவித் தடம் எடுத்துப் பழக விரும்பும் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.