மடை திறந்தாச்சு, கடைமடைக்குத் தண்ணி வரலை

போன எபிசோட்ல ஹார்ட் அட்டாக் பத்திப் பேசினப்போ, "ஸ்டென்ட் வெச்சாச்சுன்னா பிரச்சனை முடிஞ்சது"ன்னு போறபோக்குல சொல்லிட்டேன். அது பாதிதான் சரி. மீதிப் பாதி இன்னிக்கு.

எங்க பெரியப்பாவுக்கு ஒரு ராத்திரி 11 மணிக்கு நெஞ்சு கனமா இருந்துச்சு. வாயுத் தொல்லைன்னு சோடா குடிச்சிட்டுப் படுத்துட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினது காலையில 5 மணிக்கு. ஸ்டென்ட் வெச்சிட்டு வெளிய வந்த டாக்டர், "அடைப்பு திறந்தாச்சு, ஆனா ஃப்ளோ சரியா வரலை"ன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை. திறந்தா ரத்தம் போகணும்ல? சர்வர் ஓடுது, ரிக்வெஸ்ட் எல்லாம் டைம் அவுட் ஆகுதுங்கிற மாதிரி இருந்துச்சு.

இதுக்குப் பேரு 'நோ ரீஃப்ளோ'. டெல்டா பக்கத்து ஆளுங்களுக்கு ஈஸியாப் புரியும். ஆத்துல தண்ணி விட்டாச்சு, வாய்க்கால் தூர்ந்து கிடக்கு, கடைமடை காயுது.

ஸ்டென்ட் வெக்கிற குழாய் 3, 4 மில்லிமீட்டர் அகலம். ஆனா இதயத் தசைக்கு ஆக்ஸிஜன் கொடுக்கிறது தந்துகிகள். அதுல சிவப்பணுக்கள் ஒத்தை வரிசையில நெளிஞ்சுதான் போகணும். ரொம்ப நேரம் ரத்தம் இல்லாம கிடந்தா, அதோட உட்சுவர் செல்கள் வீங்கிடும். சுத்தியிருக்கிற தசையும் வீங்கி வெளியில இருந்து நெரிக்கும். பலூன் விரிக்கும்போது உடையுற ரத்தக்கட்டித் துணுக்குகள் கீழ போய்ச் சிக்கும். தட்டணுக்களும் வெள்ளையணுக்களும் அங்கயே ஒட்டிக்கும். இதெல்லாம் ஆஞ்சியோல நேரடியாத் தெரியாது. ஆஞ்சியோவுல ஃப்ளோ நல்லா இருக்கிற சிலருக்குக்கூட, பின்னாடி எம்ஆர்ஐ எடுத்தா நடுவுல கறுப்பா ஒரு திட்டு தெரியும். ரத்தம் போய்ச் சேராத இடம் அது.

1974-ல க்ளோனர், கேனோட், ஜென்னிங்ஸ்னு மூணு பேர் நாய்கள்ல இதைச் சோதிச்சாங்க. குழாயை 40 நிமிஷம் அடைச்சுத் திறந்தப்போ ரத்தம் எல்லா இடத்துக்கும் திரும்பிடுச்சு. 90 நிமிஷம் அடைச்சுத் திறந்தப்போ, தசையோட உள்பக்கத்துல பல இடங்களுக்குப் போகவே இல்லை. வித்தியாசம் 50 நிமிஷம்தான்!

சரி, கட்டியை உறிஞ்சி எடுத்துட்டா? நானும் அதைத்தான் கேட்டேன். 2013-ல டேஸ்ட்னு ஒரு ஆய்வு, 7,000 பேருக்கு மேல. 2015-ல டோட்டல்னு இன்னொண்ணு, 10,000 பேருக்கு மேல. எல்லாருக்கும் வழக்கமா உறிஞ்சுறதால இறப்பு குறையலை. ரெண்டாவதுல பக்கவாதம் கொஞ்சம் கூடவே வந்துச்சு. அடினோசின் மாதிரி மருந்துகளைக் குழாய்க்குள்ளயே கொடுப்பாங்க, ஸ்கிரீன்ல ஃப்ளோ சில நேரம் மேலயும் வரும். ஆனா உயிரைக் காப்பாத்துதுன்னு உறுதியாச் சொல்ற மருந்து இன்னும் இல்லை. அப்போ நம்ம கையில இருக்கிறது அந்த முதல் சில மணி நேரம்தான். நெஞ்சு கனம், வியர்வைன்னா 108-ஐ கூப்பிடுங்க, ஈசிஜி எடுங்க. வாயுவா இல்லையான்னு அது சொல்லட்டும். வீட்டுல யாருக்காவது ஸ்டென்ட் வெச்சிருந்தா, "ஃப்ளோ எப்படி வந்துச்சு, பம்பிங் எவ்ளோ இருக்கு?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பின்னாடி ஹார்ட் ஃபெயிலியர் வருமான்னு கண்காணிக்க அது உதவும்.

பெரியப்பா இப்போ ரெண்டாவது மாடிக்கு நடுவுல நின்னு நின்னுதான் ஏறுறார். மாத்திரை விடுறதில்லை. ஆனா இன்னும் என்கிட்ட, "சோடா குடிச்சதும் ஏப்பம் வந்துச்சேடா"ங்கிறார்.