விண்ணப்பிக்கச் சொல்லாதீர்கள், சேர்த்துவிடுங்கள்

அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு, பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி வகுப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வகுப்புக்குள் யார் போகிறார்கள் என்பது பெரும்பாலும் மேல்நிலைப் பள்ளியில் முடிவாவதில்லை, ஆறாம் வகுப்பு தொடங்கும்போதே முடிவாகிவிடுகிறது. கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவதில் ஆல்ஜீப்ரா 1, ஒன்பதாவதில் ஜியோமெட்ரி, பத்தாவதில் ஆல்ஜீப்ரா 2, பதினொன்றாவதில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டாவதில் ஏபி கால்குலஸ். ஏபி கால்குலஸ் வரை போகும் வழக்கமான வரிசை இதுதான். ஆல்ஜீப்ராவை ஒன்பதாவதில் தொடங்கும் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் பள்ளியை முடிக்கும்போது பெரும்பாலும் ப்ரீகால்குலஸோடு நின்றுவிடும். எட்டாவதில் ஆல்ஜீப்ரா வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆறாவதிலேயே வேகமான கணக்கு வகுப்பில் இருந்தாக வேண்டும். ஆக, பதினொரு வயதுப் பிள்ளையின் பாடத் தேர்வுப் படிவத்தில் போடுகிற ஒரு டிக், அந்தப் பிள்ளை பொறியியல் படிக்கப் போகும்போது கையில் கால்குலஸ் இருக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்த டிக்கைப் போடுவது யார்? பல பள்ளி மாவட்டங்களில் ஆசிரியரின் பரிந்துரை வேண்டும், அல்லது பெற்றோர் கேட்க வேண்டும். நம்மில் பலர் கேட்டுவிடுவோம். கவுன்சிலருக்கு மின்னஞ்சல் போடுவோம், முடியாது என்றால் முதல்வரைப் போய்ப் பார்ப்போம். இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் அம்மாவுக்கும், ஆங்கிலம் சரளமாக வராத அப்பாவுக்கும் இப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது. பிள்ளைகளின் மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும் வகுப்பு வேறாகிவிடுகிறது. பள்ளி மாவட்டங்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்: இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். மாநிலத் தேர்வில் தகுதியான மதிப்பெண் வாங்கிய எல்லாப் பிள்ளைகளையும் நீங்களே வேகமான மேல்வகுப்பில் சேர்த்துவிடுங்கள். வேண்டாம் என்கிற பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளட்டும்.

இது வெறும் நல்லெண்ணத்தில் சொல்வதில்லை. ஃப்ளோரிடாவின் ப்ரவர்ட் கவுன்டியில், திறன்மிகு மாணவர்களுக்கான வகுப்புக்கு யாரைச் சோதிப்பது என்பதை முன்பு ஆசிரியர்களும் பெற்றோரும் முன்மொழிந்தார்கள். 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் சோதித்துப் பார்ப்பது என்று மாற்றினார்கள். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். திறன்மிகு வகுப்பில் சேர்ந்த ஹிஸ்பானிக் பிள்ளைகளின் விகிதம் 130 சதவீதமும் கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 80 சதவீதமும் உயர்ந்திருந்தன. இந்தப் பிள்ளைகள் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. முன்பும் அதே பள்ளியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான், அவர்கள் பெயரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிறகு நிதி நெருக்கடியில் அந்தச் சோதனையை நிறுத்தியபோது பழைய ஏற்றத்தாழ்வும் திரும்பி வந்துவிட்டது. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

டெக்சாஸின் டல்லஸ் பள்ளி மாவட்டம் 2019-20 கல்வியாண்டில் மிடில் ஸ்கூல் ஹானர்ஸ் வகுப்புகளை இப்படியே மாற்றியது. தகுதியுள்ள பிள்ளை தானாகச் சேர்க்கப்படும், விலக வேண்டுமானால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சேர்க்கை எல்லா இனத்தாரிடமும் ஏறியது. டெக்சாஸ் அரசு 2023-இல் இதைச் சட்டமாக்கி, ஐந்தாம் வகுப்புக் கணக்கில் முதல் 40 சதவீதத்தில் வருகிறவர்களை ஆறாவதில் மேம்பட்ட கணக்கு வகுப்பில் தானாகவே சேர்க்கச் சொன்னது. வாஷிங்டன் மாநிலமும் 2019-இல் இயற்றிய சட்டத்தில், மேல்நிலைப் பள்ளியின் மேம்பட்ட பாடங்களுக்குத் தானியங்கிச் சேர்க்கைக் கொள்கையை எல்லா மாவட்டங்களும் கொண்டுவர வேண்டும் என்றது. இரண்டும் அரசியலில் எதிரெதிர் துருவத்தில் நிற்கும் மாநிலங்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, தயாராகாத பிள்ளையைக் கடினமான வகுப்பில் தள்ளினால் தோற்றுப்போகாதா? நியாயமான கேள்வி. இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது, ஏனென்றால் அப்படி நடந்திருக்கிறது. சிகாகோ 1997-இல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஆல்ஜீப்ரா படித்தே ஆக வேண்டும் என்றது. தேர்ச்சி பெறாதவர்களின் எண்ணிக்கை கூடியது, தேர்வு மதிப்பெண்ணோ உயரவில்லை. வட கரோலினாவின் சார்லட் பகுதியில் பிள்ளைகளை அவசரமாக முன்கூட்டியே ஆல்ஜீப்ராவுக்கு அனுப்பியதும் பலருக்குக் கெடுதலாகவே முடிந்தது. ஆனால் அங்கெல்லாம் மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்க்கவில்லை, கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளினார்கள். நான் கேட்பது, தகுதியை ஏற்கெனவே காட்டிவிட்ட பிள்ளையை மறுபடி ஒருமுறை கெஞ்ச வைக்காதீர்கள் என்பதைத்தான். விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு வழி என்ன என்பதையும் சிகாகோவே காட்டியது. 2003-இல் எட்டாம் வகுப்புத் தேர்வில் நடுமட்டத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆல்ஜீப்ராவை ஒரு நாளில் இரண்டு பீரியட் நடத்தினார்கள். பின்னாளில் அந்தப் பிள்ளைகளில் பள்ளியை முடித்தவர்களின் எண்ணிக்கையும் கல்லூரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையும் கூடின. அதிலும் வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. இரண்டாவது பீரியடுக்கு ஆசிரியர் வேண்டும், பணம் வேண்டும். இந்தக் கொள்கையின் உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. அதை ஒதுக்காமல் சேர்க்கையை மட்டும் திறந்துவிடும் மாவட்டம் பழைய சிகாகோவைத்தான் மறுபடி நடத்தும்.

இது ஓராண்டில் முடிகிற வேலையும் இல்லை. கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸின் கார்ஃபீல்ட் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஹைமே எஸ்கலான்டே செய்ததை, அவரைப் பற்றிய திரைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏபி கால்குலஸில் தேறினார்கள். காப்பியடித்தார்களோ என்ற சந்தேகத்தின் பேரில் மறுதேர்வு எழுதிய 12 பேரும் மறுபடி தேறினார்கள். படம் இதை ஒரே மூச்சில் நடந்ததுபோல் காட்டுகிறது. உண்மையில் அதற்குப் பல வருட உழைப்பு பிடித்தது. கோடை வகுப்புகளையும், கால்குலஸுக்குக் கீழே உள்ள பாடங்களையும் ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

இன்னொரு கவலை நம் வீடுகளிலேயே கேட்கும்: எல்லாரையும் சேர்த்தால் வகுப்பின் தரம் இறங்கி, நம் பிள்ளையின் வேகம் குறையுமே? இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. சான் ஃப்ரான்சிஸ்கோ சமத்துவத்தின் பெயரில் 2014 முதல் எட்டாம் வகுப்பு ஆல்ஜீப்ராவையே எடுத்துவிட்டது. மேம்பட்ட கணக்கு வகுப்புகளில் இன இடைவெளி அப்போதும் பெரிதாகவே இருந்தது. 2024 மார்ச்சில் நகர வாக்காளர்கள் பெரும்பான்மையாக வாக்களித்து அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். தானாகச் சேர்ப்பது இதற்கு நேர் எதிரானது. இங்கே பாடத்தை எடுப்பதில்லை, கூடுதல் பிரிவுகளைத் திறக்கிறோம். ஏபி தேர்வு நாடு முழுக்க ஒரே தரத்தில் நடப்பது, வெளியில் திருத்தப்படுவது. ஒரு பள்ளி பாடத்தை நீர்த்துப்போக விட்டால் மே மாதத் தேர்வில் அது வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

சிறிய ஊர்ப் பள்ளிகளில் ஏபி இயற்பியல் நடத்த ஆளே இல்லாத நிலை வேறு விஷயம். அங்கே மாநில இணையப் பள்ளிகளும் சமுதாயக் கல்லூரிகளோடு சேர்ந்த இரட்டைச் சேர்க்கையும் கைகொடுக்கும். ஒரு தேர்வுக்கு ஏறத்தாழ 100 டாலர் ஆகும் ஏபி கட்டணத்தை மாவட்டம் ஏற்றுக்கொள்வதும் அவசியம். ஐந்து ஏபி எழுதும் பிள்ளைக்கு 500 டாலர், பல குடும்பங்களுக்கு அது ஒரு வார வருமானம்.

உங்கள் மாவட்டத்தின் பள்ளி வாரியக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, பேசவும் சில நிமிடம் தருவார்கள். போய் மூன்று விஷயம் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் தகுதி பெற்றவர்களில் எத்தனை பேர் ஆறாவதில் மேல்வகுப்பில் இருக்கிறார்கள், இல்லாதவர்கள் எந்தெந்தப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள், இரண்டாவது பீரியடுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வு பல மாவட்டங்களில் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். அதனால் இந்தக் கேள்விகளை இலையுதிர் காலக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.