தொழிலறிவும் எழுத்தறிவும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உளியும் சம்மட்டியும் நம் குலத்தாருக்குப் பிறவித் துணை. எழுதுகோலோ அவ்வாறன்று. செய்த வேலையே பேசும் என்று நம் முன்னோர் பெருமிதங்கொண்டு வாழ்ந்தனர். இக்காலத்தில் நம் பிள்ளைகள் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இஞ்சினீயரிங் கல்லூரிகளிலும் தேறி, ஆலைகளிலும் மின்சார நிலையங்களிலும் வேலைக்கு அமர்கின்றனர். ஆங்கே வேலையைச் செய்தால் மட்டும் போதாது. செய்ததையும் கண்டதையும் பிறர் விளங்கிக்கொள்ளும்படி எழுதியும் தரவேண்டும். கைதேர்ந்தவர் பலர் இவ்விடத்தில் தயங்கி நிற்பதைக் காண்கிறோம். ஆதலின், தொழில் சம்பந்தமான எழுத்தைத் திருத்தமுறச் செய்வது குறித்துச் சில சொல்ல விரும்புகிறோம்.

இது வெறும் உத்தியோக உயர்வைப் பற்றிய விஷயமென்று யாரும் எண்ணற்க. 2003-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி அமெரிக்காவினின்று கொலம்பியா என்னும் விண்கலம் கிளம்பிற்று. ஏறக்குறைய 82 விநாடிகளில் எரிபொருள் தொட்டியினின்று பெயர்ந்த நுரைப்பொருள் துண்டொன்று அதன் இடது இறக்கையில் மோதியது. கலம் வானில் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே இஞ்சினீயர்கள் சேதத்தை ஆராய்ந்து, தம் முடிவுகளைத் திரைக்குறிப்புகளாக மேலதிகாரிகளுக்குக் காட்டினர். அவற்றுள் ஒரு பக்கத்தின் தலைப்பு, பழைய சோதனைகள் அபாயத்தை மிகைப்படுத்தியே காட்டுவன என்று பொருள்படும்படி, தைரியமூட்டுவதாயிருந்தது. அதே பக்கத்தின் அடியிலோ, சோதனைக்குட்பட்ட துண்டு 3 கன அங்குலம் என்றும், மோதிய துண்டு 1,920 கன அங்குலம் என மதிக்கப்பட்டதென்றும் சிற்றெழுத்தில் கண்டிருந்தது. 640 மடங்கு வித்தியாசம்! பழைய சோதனைகள் இதற்குப் பொருந்தா என்பதே அதன் கருத்து. தலைப்பில் நிற்கவேண்டிய செய்தி கடைசி வரியிற் கிடந்தது.

பிப்ரவரி 1-ஆம் தேதி பூமிக்குத் திரும்புகையில் கலம் சிதறிற்று. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். இவ்விபத்துக்கு எழுத்து ஒன்றே காரணமென்று நாம் சொல்லவில்லை. எனினும் அவ்வாண்டு வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, அப்பக்கத்தை எடுத்துக்காட்டி, அபாயத்தின் அளவு படிப்போர் கண்ணுக்குப் புலப்படாமற் போகலாமெனக் குறை கூறிற்று.

ஆகவே முதல் விதி இது: படிப்பவர் எதை அறிந்து தீர்மானிக்கவேண்டுமோ அதை முதல் வரியில் எழுதுக. கொதிகலனில் விரிசல் கண்டால், விரிசலென்றே தொடங்குக. எங்கே, எவ்வளவு நீளம், ஓட்டலாமா நிறுத்தவேண்டுமா என்பவற்றை உடனே சொல்லுக. பரிசோதித்த வரலாறு பின்னே வரட்டும். மேலதிகாரிக்குக் கசப்பான செய்தியை அடியில் ஒளிப்பது மரியாதையாகாது.

இரண்டாவது, எண்ணுடன் அளவையும் எழுதுக. 1999-ஆம் ஆண்டு செவ்வாய்க் கிரகத்தை அடைந்த அமெரிக்க விண்கலமொன்று அழிந்துபட்டது. ஒரு சாரார் பவுண்டு அளவையில் தந்த கணக்கை மற்றொரு சாரார் நியூட்டன் அளவையெனக் கொண்டனர். ஒரு பவுண்டு விசை ஏறக்குறைய 4.45 நியூட்டன். கணக்கில் பிழையில்லை, இன்ன அளவையென்னும் உடன்பாடு தவறிற்று.

மூன்றாவது, செய்முறையைச் செய்யும் வரிசையிலேயே எழுதுக. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் கம்பெனியின் புதிய விமானம் கிளம்பியவுடன் விழுந்தது. ஓட்டியவர்கள் தேர்ந்த நிபுணர்களே. சுக்கான்களைப் பூட்டியிருந்த கருவியை விடுவிக்க மறந்தனர். அதன்பின் ஏற்பட்டதே, புறப்படுமுன் ஒவ்வொன்றாய்ப் பார்க்கவேண்டியவற்றின் சிறு பட்டியல். வல்லவனுக்கும் மறதியுண்டு என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது.

இனி நம் பட்டறைக்கு வருவோம். உளிக்குத் தோய்ச்சல் கொடுப்பதை ஒருவர், பக்குவமாய்ச் சூடேற்றித் தோய்க்கவும் என்று எழுதினால், கற்கும் பையனுக்கு என்ன பயன்? முதலில் செஞ்சூட்டில் தோய்த்துக் கடினமாக்குக. முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்குக. மீண்டும் மெல்லச் சூடேற்றுக. மர உளியானால் வைக்கோல் நிறம், ஏறக்குறைய 230 டிகிரி சென்டிகிரேடில், கண்டதும் தோய்க்க. இரும்பு வெட்டும் உளியானால் ஊதா நிறம், ஏறக்குறைய 280 டிகிரி, வரை விடுக. இவ்வாறு எழுதினால் அது சாஸ்திரமாகும். பக்குவம் என்ற ஒரு சொல்லுக்குள் மூடிவைத்தே நம் மூத்தோர் எத்தனையோ நுணுக்கங்களைத் தம்முடன் கொண்டுபோயினர். அந்த நஷ்டத்தை இனியும் தாங்கலாகாது.

வாலிபர்களே! ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அன்றன்று செய்த வேலையில் ஒன்றை, முதலில் தாய்மொழியிலேயே, பத்து வரியில் எழுதுங்கள். அதை அவ்வேலையறியாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறவாமல், செய்யச் சொல்லிப் பாருங்கள். அவர் கை தடுமாறும் இடமே உங்கள் எழுத்தின் பழுது. தாய்மார்களும் இப்பரீட்சைக்கு உதவலாம். வீட்டில் தண்ணீர்ப் பம்பைக் கழற்றி மாட்டும் முறையை மகன் எழுத, தாய் படித்துச் செய்து பார்க்கட்டும். நம் சங்கமும் மாதமொரு முறை இவ்வாறு எழுதியவற்றைக் கூடிப் படித்துத் திருத்த ஏற்பாடு செய்யுமாயின் பெரும்பயன் விளையும்.

உளி மழுங்கினால் நாம் பொறுப்பதில்லை. எழுதுகோலையும் அவ்வாறே தீட்டுவோமாக!